முப்பத்தெட்டாயிரத்து நானூறு பெட்டிகள்

செத்த சரக்கு என்கிறார். நடுப்பாதையில் நிறுத்தியிருக்கும் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திய அந்த மனிதர், ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர் ஆராவமுதன், முதலில் இங்கிலீஷில் டெட் ஸ்டாக் என்றார், பிறகு கடைசி வரிசைக்கும் போய்ச் சேரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ தமிழிலேயே சொன்னார். "செத்த சரக்கு சார். முப்பத்தெட்டாயிரத்து நானூறு லேப்டாப். ரெண்டு வருஷமா குடோன்ல கிடக்கு. கம்ப்யூட்டர் என்ன புளியா, பழசானா விலை ஏறறதுக்கு? பாதியையாவது நஷ்டம்னு எழுதித் தள்ளுங்கோ. அப்பத்தான் இந்தப் பங்கோட உண்மையான விலை எங்களுக்குத் தெரியும்." ஹாலில் பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள். செத்த. எது செத்தது, எப்போது செத்தது, யார் போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தது. கிடக்கு என்றும் சொன்னார். கிடப்பதாமே, நாதியில்லாமல். அவினாசி ரோட்டில் இருக்கிற இந்த ஹோட்டல் ஹாலின் ஏசி கழுத்துக்குப் பின்னால் ஐஸ்கட்டி வைத்தமாதிரி வீசுகிறது, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம் என்றால் போர்த்திக்கொண்டால் பயந்தவள்போல இருக்கும், போர்த்தாமல் இருக்கிறேன். மூன்றாம் வரிசை, ஓர நாற்காலி. மேடையில் எம்.டி. பிரகதீஷ் சார், பக்கத்தில் கணக்குப் பிரிவுத் தலைவர் சேதுராமன் சார், அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெரிய திரை, திரையில் தாரகை கம்ப்யூட்டர்ஸ் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வரி: சரக்கு இருப்பு 38,400, நிலை முழுவதும் விற்பனைக்கு ஏற்றது. அந்த வரியைப் பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முழுவதும். முழுவதும் என்று யார் எழுதியது. வாசலில் என்னைப் பார்த்ததும் எம்.டி. தனியாகக் கூப்பிட்டு, "துளசியக்கா, யாராவது குடோனைப் பத்திக் கேட்டா உங்களைக் கூப்பிடுவேன். எந்திரிச்சு, எல்லாம் நல்லா இருக்குதுங்கன்னு ஒரு வரி சொன்னாப் போதும். குடோன் மேனேஜரே சொல்லிட்டாங்கன்னா அடங்கிருவாங்க" என்றார். நான் சரிங்க சார் என்றேன். சரிங்க சார் என்று சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வருஷம். அந்தச் சரிங்க சாருக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாமல் வாய் சொல்லிவிட்டது.

பெட்டிக்குள் இருக்கிற பேட்டரிக்கு முறை வைத்துக் கரண்டு ஏற்றுகிற வேலைக்கு எழுப்புறது என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். இந்த ஆராவமுதனுக்கு அது தெரியுமா, தெரிய வழியில்லை, ஆண்டறிக்கையில் நூற்றுநாற்பது பக்கத்தில் ஒரு பக்கத்திலும் அது இல்லை. லேப்டாப் பேட்டரியைப் பெட்டியில் போட்டு அப்படியே வைத்தால் சும்மா இருந்தே வடியும், அடியோடு வடிந்துபோனால் அப்புறம் எத்தனை மணி நேரம் கரண்டில் மாட்டினாலும் ஏறாது, அதுதான் சாவு. வடநாட்டுப் பள்ளிக்கூடக் குழுமம் ஒன்று நாற்பதாயிரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, நாங்கள் பாகமெல்லாம் பூட்டி முடித்துப் பெட்டியில் போட்டு முடித்த மாசம் வேண்டாம் என்று சொன்னபோது, ஆபீஸில் எல்லாரும் வக்கீலைப் பற்றிப் பேசினார்கள், பங்கு விலையைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மட்டும் பேட்டரி. நாற்பதாயிரம் பேட்டரியும் ஒன்றாக மூச்சு வாங்குகிறமாதிரி ஒரு நினைப்பு, சோறு இறங்கவில்லை. இரும்பு ராக் அடித்து இருநூற்று இருபது பிளக் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன், கரண்டு பில் என்றார்கள், ஆள் கூலி என்றார்கள், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் எம்.டி. மேசைமேல் வைத்து, இது இன்னைக்கு உசிரோட இருக்குதுங்க சார், ஆறு மாசம் கழிச்சு இதே பெட்டியைக் கொண்டாந்து வெச்சா இருக்காதுங்க என்றேன். கொடுத்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு ரவுண்டு, நானூற்று நாற்பது. பெட்டியைத் திறந்து, எடுத்து, மாட்டி, பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, நம்பரைக் குறித்து, திரும்ப நுரைக்குள் வைத்து, டேப் ஒட்டி. எண்பத்தேழு வேலைநாளில் ஒரு சுற்று. கடைசிப் பெட்டியை மூடும்போது முதல் பெட்டிக்கு மறுபடி நேரம் வந்திருக்கும். பதினோரு பொம்பளைகள், நான் பன்னிரண்டாவது. மாட்டியதும் ஒரு சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் கண்ணைத் திறக்கும், வரிசையாக இருநூற்று இருபது ஆரஞ்சு, நீளமான அந்தத் தகரக் கொட்டகையில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என் நெஞ்சு எப்படி நிறையும் என்று இங்கே யாரிடம் சொல்வது. பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வரிசையாக நடந்துபோவாளே, அந்த நடை எனக்கு வந்துவிட்டது என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார், குடோனுக்கு ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்துவிட்டார். கேலி செய்யட்டும். வாங்க ஆள் வராததால் விற்கவில்லை, செத்துப்போனதால் இல்லை. சின்னக் காலேஜ், கூட்டுறவுச் சங்கம், டியூஷன் சென்டர் என்று ஆயிரத்து அறுநூறு இதுவரை போயிருக்கிறது, ஒன்றுகூட ஆன் ஆகவில்லை என்று திரும்பி வரவில்லை. ஒன்றுகூட. இதைக் கேட்டால் சொல்லலாம். கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு இதெல்லாம் ஒரே ஒரு எண்.

இப்போது மைக் கைமாறுகிறது. மயில்சாமி, ஸ்பின்னிங் மில்காரர், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து பங்கு வைத்திருப்பவர், வேட்டி மடிப்புக் கலையாமல் எழுந்து நிற்கிறார். "ஏனுங்க பேங்க் சார், நீங்க பங்கு வாங்கினது நானூத்திப் பன்னெண்டு ரூவாயில. இன்னைக்கு நூத்தியெம்பத்தெட்டு. உங்க வயித்தெரிச்சல் புரியுதுங்க. அதுக்காகச் சரக்கைச் செத்துதுன்னு சொன்னா எப்படிங்க? சிப்பு கிடைக்காத காலத்துல வாங்கி வெச்ச சரக்கு. நாளைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தா அத்தனையும் தங்கம். என்ற மில்லுல பஞ்சை வெச்சு வித்தவன் நானு, எனக்குத் தெரியாதுங்களா?" சிரிப்பு. கைதட்டல். ஆராவமுதன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தங்கத்துக்குப் பேட்டரி கிடையாது சார்" என்கிறார். அதற்கும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, பேட்டரி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது, இந்த ஆளுக்கு விஷயம் தெரிகிறது, திட்டுகிறவராக இருந்தாலும் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்து வைக்கிறார். தங்கம் என்பவருக்கும் தெரியவில்லை, செத்தது என்பவருக்கும் தெரியவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இது என்ன நியாயம். எனக்கும் பங்கு இருக்கிறது. ஆயிரத்து இருநூறு. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய ஆட்களுக்கு என்று கொடுத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டுக்குப் போனபோது நீலாம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையைக் கேட்டுப்பார்க்கலாமா என்று வீட்டுக்காரர் நாலு நாள் அளந்து அளந்து நடந்தார், விற்றுவிடு துளசி என்றார், நான் விற்கவில்லை, ஏன் விற்கவில்லை, ஆசையா, இல்லை, கம்பெனிக்குள்ளே இருந்துகொண்டே விற்றால் நம் சரக்கை நாமே நம்பவில்லை என்று ஆகுமே என்று. அந்த வீம்புக்கு இன்றைக்கு விலை நூற்று எண்பத்தெட்டு. இப்போது எழுந்து எல்லாம் நல்லா இருக்குதுங்க என்றால் இருநூறுக்குப் போகலாம். நாலு சொல்கூட இல்லை. மூன்று சொல். நாக்கில் இருக்கிறது, இருமல் மிட்டாய் மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இந்த மூன்று சொல்லில் இரண்டு உண்மை. எல்லாம் என்கிற ஒன்றுதான் உதைக்கிறது.

எல்லாம் என்றால் மூன்றாம் குடோனும் சேர்ந்துதான். அரசூர் ரோட்டில், முன்பு கோழித்தீவனம் வைத்திருந்த இடம், நான்தான் போய்ப் பார்த்தேன், நான்தான் தரை காய்ந்திருக்கிறது, கூரை கெட்டியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூரை கெட்டியாக இருந்ததா. சித்திரை மாசத்தில் எந்தக் கூரையும் கெட்டிதான். அங்கே எட்டாயிரத்து நானூற்று ஐம்பது பெட்டி. இடத்தின் சொந்தக்காரர்கள் அண்ணன் தம்பி, ஐப்பசியில், அந்தப் பெட்டிகளுக்கு அடுத்த சுற்று வரவேண்டிய நேரம் பார்த்து, அவர்களுக்குள் பாகத் தகராறு வந்து, ஆளுக்கொரு பூட்டாக வாசலில் இரண்டு பூட்டு. எழுபத்திரண்டு நாள். அண்ணன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன், தம்பி வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன், அண்ணன் சாவி கொடுக்கிறேன் என்ற அன்றைக்குத் தம்பி ஊரில் இல்லை. அந்த எழுபத்திரண்டு நாளும் மழை. குடை பிடித்துக்கொண்டு அந்தப் பூட்டிய ஷட்டருக்கு வெளியே நின்று தகரத்தில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்பேன், உள்ளே எங்கேயோ சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம் கேட்கிறதா இல்லை எனக்குத் தோன்றுகிறதா என்று காதை ஷட்டரில் வைத்துக் கேட்பேன், அந்த இரும்பின் குளிர் இன்றைக்கும் இந்தக் காதில் இருக்கிறது, இந்த ஏசி அதைத்தான் கிளறுகிறது. திறந்தபோது வடக்குச் சுவரோரம் அடுக்கியிருந்தது கஞ்சியில் ஊறிய துணிமாதிரி ஆகியிருந்தது. அட்டை கையோடு வந்தது. இரண்டாயிரத்து முந்நூறு. அது செத்ததுதான், அதைச் செத்தது என்றால் நான் தலை குனிகிறேன். மிச்சம் ஆறாயிரத்து நூற்றைம்பதில் பேட்டரி வடிந்துபோயிருந்தது, மற்றதெல்லாம் சரி, பேட்டரி மாற்றினால் எழுந்து உட்காரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம், எட்டாயிரத்து நானூற்று ஐம்பதையும், ஒன்று விடாமல். இருபதில் ஒன்று திறந்து பார்த்தால் போதும் என்றார்கள், எனக்குப் போதாது. எழுதிக் கொடுத்தேன். சேதுராமன் சார் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, "பாத்துக்கலாம்மா" என்றார். ஒரு மாசம் ஆகிறது. திரையில் முழுவதும் என்று இருக்கிறது. அவர் இப்போது மேடையில் என்னைப் பார்க்கவில்லை, முன்னால் இருக்கிற தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருக்கிறார், அதில் படிக்க என்ன இருக்கிறது. எம்.டி.க்கு அவர் சொன்னாரா சொல்லவில்லையா. நான் நேராக எம்.டி.யிடம் போயிருக்கலாம். ஏன் போகவில்லை. கையெழுத்து. மூன்றாம் குடோனைச் சரி என்று எழுதிய கையெழுத்து என்னுடையது, அதை அவர் பார்த்துவிடுவாரே என்றுதான் போகவில்லை, இதை இந்த ஹாலில் இந்த நிமிஷம்தான் எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன், காது மடல் சுடுகிறது. அப்படியானால் யார் மறைத்தது. அவர் மட்டுமா. நானும்தான், கொஞ்சம். ஆனால் இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அது உயிரோடு இருக்கிறது. அதை நான் வைத்திருக்கிறேன். இந்தக் கெட்டதைச் சொல்லாமல் அந்த நல்லதைச் சொன்னால் அந்த நல்லதையும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள், நம்பக்கூடாது, நான் ஆராவமுதனாக இருந்தால் நம்பமாட்டேன்.

"நம்ம குடோன் மேனேஜர் இங்கதான் இருக்காங்க. அவங்களே சொல்லுவாங்க. துளசிமணி அக்கா." எம்.டி. குரல். எல்லாத் தலையும் திரும்புகிறது. எழுந்தேன். மைக்குக்குப் பத்தடி, பத்தடியும் மெத்தென்ற கம்பளம், செருப்புச் சத்தம் கேட்கவில்லை, நடக்கிறேனா நிற்கிறேனா என்றே தெரியவில்லை. இங்கிலீஷில் பேச வேண்டுமோ, இத்தனை நேரம் பாதி இங்கிலீஷில்தானே பேசினார்கள், இன்வென்ட்டரி என்று சொல்லிப்பார்த்தேன், வாய்க்குள் அது உருண்டு இன்வென்டெரி ஆயிற்று, வேண்டாம், சரக்கு என்றே சொல்வேன், சரக்குக்கு என்ன குறைச்சல். மைக் என் உயரத்துக்கு மேலே இருந்தது. ஆராவமுதன்தான் எட்டித் திருகி இறக்கிவிட்டார், எதிராளியாக உட்கார்ந்திருக்கிற மனிதர், அந்தத் திருகலில் ஒரு மரியாதை இருந்தது. வாயைத் திறந்தேன், மூன்று சொல்லும் வரிசையாக வந்து நின்றது, எல்லாம் என்பது முதலில் நின்றது, அதைக் கையால் விலக்கிவிட்டமாதிரி விலக்கிவிட்டேன். "எல்லாருக்கும் வணக்கமுங்க. குடோன்ல இருக்கறது முப்பத்தெட்டாயிரத்து நானூறு. அதுல இருபத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது நல்லா இருக்குதுங்க. இன்னைக்கே பெட்டியைத் திறந்து பட்டனை அமுக்கினா ஆன் ஆகும். ஆறாயிரத்து நூத்தம்பதுக்குப் பேட்டரி மாத்தணுமுங்க. ரெண்டாயிரத்து முந்நூறு போயிடுச்சுங்க. நனைஞ்சு போயிடுச்சு. அதைக் காப்பாத்த முடியாதுங்க." என் குரல் ஹாலின் நாலு மூலையிலிருந்தும் எனக்கே திரும்ப வந்தது, நடுங்கவில்லை, இது யார் குரல், கூட்டத்தில் பேசிப் பழகினவள் குரல் மாதிரி இருக்கிறது. மேடையைப் பார்த்தேன். எம்.டி. முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, சத்தியமாகத் தெரிந்திருக்கவில்லை, அந்த முகத்தை அவருடைய இருபது வயசிலிருந்து பார்த்திருக்கிறேன், அதற்கு நடிக்க வராது. ஐயோ என்று இருந்தது எனக்கு. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது, எடுக்கவும் தோன்றவில்லை.

ஆராவமுதன் எழுந்து என் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார், ஒரு மைக்குக்கு இரண்டு பேர். "இருபத்தொம்பதாயிரம் நல்லா இருக்குன்னு எதை வெச்சும்மா சொல்றேள்? ரெண்டு வருஷமா சும்மா இருந்த பேட்டரி எப்படி நல்லா இருக்கும்?" இதுதான். இந்தக் கேள்விக்குத்தான் இரண்டு வருஷமாகப் பதில் வைத்திருக்கிறேன், கேட்க ஒரு ஆள் இல்லாமல். "சும்மா இருக்க விடலைங்களே" என்றேன். என்றதும் எங்கிருந்தோ சொல் வந்துகொண்டே இருந்தது, ராக், பிளக், இரண்டு ரவுண்டு, நானூற்று நாற்பது, எண்பத்தேழு நாள், போன வெள்ளிக்கிழமையோடு ஏழாவது சுற்று முடிந்தது, ஒவ்வொரு பெட்டி நம்பருக்கும் எதிரே ஏழு தேதி இருக்கிறது, எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் நீங்களே வந்து தொட்டுக் காட்டுங்கள், நான் திறக்கிறேன். மயில்சாமி வாயை லேசாகத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "நனைஞ்சது எப்படி?" என்றார் ஆராவமுதன், விடவில்லை, விடக்கூடாது. குடோனைப் பூட்டியதையும் மழையையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், கேள்விக்குப் பதில் முடிந்துவிட்டது, ஒருத்தரும் மேலே கேட்கவில்லை. "அந்தக் குடோனைப் பாத்துச் சரின்னு எழுதினது நானுங்க. கூரையை இன்னும் நல்லாப் பாத்திருக்கணும். பாக்கலை." அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும், அதையே கேட்டார். "இதை மேனேஜ்மென்ட்டுக்குச் சொன்னேளா?" நான் சேதுராமன் சாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே காட்டிக்கொடுத்தமாதிரி. "எழுதிக் குடுத்துட்டேனுங்க" என்றேன். "யார்கிட்ட?" மைக்கின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கம்பியில் யாரோ ஒட்டிய சிவப்பு டேப், ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. மேடையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. "என்கிட்டதான்" என்றார் சேதுராமன் சார், மைக் இல்லாமலே. "அடுத்த காலாண்டுல காட்டிக்கலாம்னு நான்தான் வெச்சுட்டேன். அந்தம்மா மேல தப்பில்லை." நரைத்த அந்த மனிதர் சொல்லிவிட்டு உட்காரவும் மறந்து நின்றார், எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது, பாதி இருக்கட்டும்.

"இந்த வேலையை எத்தனை பேர் செய்யறா?" ஆராவமுதன் குரல் இறங்கியிருந்தது. "பதினோரு பேருங்க." "பேர் சொல்லுங்கோ. கூட்ட நடவடிக்கையில எழுதட்டும்." பேரா. இந்த ஹாலில் அவர்கள் பேரா. மேடை ஓரத்தில் குறிப்பெடுக்கிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் ராக்கின் முதல் பிளக்கிலிருந்து நடக்கிறமாதிரி மனசுக்குள் நடந்தேன், யார் எங்கே நிற்பார்களோ அந்த வரிசையில். "மாராத்தாள். ருக்குமணி. ஷகிலாபானு. பிலோமினா. அம்சவேணி. ரங்கநாயகி. சிவபாக்கியம். ஜரீனா. வெண்ணிலா. நாகரத்தினம். தெய்வானை." ஒவ்வொரு பேருக்கும் அந்தப் பெண்ணின் பேனா ஓடியது. ஜரீனாவுக்கு எந்த ன என்று கேட்டாள், சொன்னேன். பிலோமினா இதைக் கேட்டிருந்தால் சும்மா போங்கக்கா என்று முந்தானையால் வாயைப் பொத்தியிருப்பாள். என் கண் கலங்குகிறதா, கலங்கட்டும், ஏசி என்று நினைத்துக்கொள்வார்கள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பெட்டியை ஏற்றி அனுப்பியிருக்கிறேன், இப்படி எதையும் இத்தனை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

அதற்கப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. வருஷக் கணக்கை இன்றைக்கு ஏற்க வேண்டாம், முப்பது நாள் தள்ளிவைத்து, சரக்கைத் திரும்பப் பார்த்து, திருத்திக் கொண்டுவரட்டும் என்று ஆராவமுதன் தீர்மானம் சொன்னார். மயில்சாமி வேண்டாம் என்றார், தள்ளிவைத்தால் விலை விழும் என்றார், அவர் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் யாரோ போனைப் பார்த்து நூற்று எழுபத்தொன்பது என்றார்கள். ஒன்பது ரூபாய். ஆயிரத்து இருநூறை ஒன்பதால் பெருக்கிப் பார்த்தது மனசு, பார்த்துவிட்டு, சரி என்று மூடி வைத்துவிட்டது. தள்ளிவைக்கச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார் எம்.டி., குரலில் ஈரம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நானும் ஒரு பங்குதாரர், பதின்மூன்று வருஷமாக நோட்டீஸ் வரும், கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைப்பேன், ஒரு தடவையும் எதற்கும் கை தூக்கியதில்லை. எம்.டி. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கப் பார்க்கத் தூக்கினேன். தோள்மூட்டு லேசாக வலித்தது. எண்ணினார்கள், நிறைவேறியது.

சாப்பாட்டுக்குக் கூட்டம் கலைந்தபோது எம்.டி. மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். "இங்க சொல்றதுக்கு முன்னாடி என் ரூம் கதவை ஒருதடவை தட்டியிருக்கலாமேக்கா." "தட்டியிருக்கணுங்க சார். தப்புத்தான்" என்றேன், அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் தோன்றவில்லை. "ஏழு சுத்துன்னு எனக்கே தெரியாது" என்றார் அவர். "நாளைக்குக் காலைல மூணாம் குடோனுக்கு வர்றேன். எட்டு மணிக்கு." போய்விட்டார். என்ன செய்வார், வேலையை விட்டு எடுப்பாரா, எடுத்தால் எடுக்கட்டும் என்று நெஞ்சு சொல்கிறது, வயிறு அப்படிச் சொல்லவில்லை, வயிறு பசிக்கிறது என்கிறது. தட்டு வாங்குகிற வரிசையில் எனக்குப் பின்னால் மயில்சாமி. கோபமாகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஏனுங்கம்மிணி, ஒரே பேச்சுல என்ற பங்கை ஒம்பது ரூவா இறக்கிப்போட்டீங்களே" என்றார், முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "என்ற மில்லுல மூணு பஞ்சு குடோன் இருக்குது. எதுல என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாது. வர்றீங்களா? இங்க வாங்கற சம்பளத்துக்கு ஒண்ணரை மடங்கு தர்றேன்." திரும்பி அவரைப் பார்த்தேன். இப்படி ஒருத்தர் இருபத்தாறு வருஷத்தில் என்னைக் கேட்டதில்லை. கேட்டதை ஒரு நிமிஷம் வாயில் வைத்து ருசி பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

"இல்லீங்க" என்றேன். "எனக்கு ஆறாயிரத்து நூத்தம்பது பேட்டரி மாத்தற வேலை இருக்குதுங்க."